இகுவானா என்னும் அமானிதம்

பிராணிகளிடம் காட்டவேண்டிய இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பூனையையும் குருவியையும்தான் எடுத்துக்காட்டுவோம். சிறுவர் அபூ உமைரின் குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் பரிவோடு விசாரித்த செய்தி மக்தப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். ஆனால், நான்கடி நீளமுள்ள பச்சை இகுவானா ஒன்று ஜவ்வாது மலையிலுள்ள நம் வீட்டிற்கு வந்தபோது, இரக்கம் என்றால் என்ன என்பதையே புதிதாகச் சிந்திக்க வேண்டியதாயிற்று.

வாணியம்பாடியில் ஆறாண்டுகள் அதனை வளர்த்த உறவினர், வளைகுடா நாட்டிற்கு வேலைக்குப் புறப்படும்போது நம்மிடம் அமானிதமாக ஒப்படைத்தார். அது உடும்பு அன்று என்று அக்கம்பக்கத்தாருக்குப் புரியவைப்பதே முதல் வேலை. உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இகுவானாவோ, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நான்காம் அட்டவணையில் வருகிறது. அதனைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கைமாறினால் தெரிவிக்கவும் வேண்டும். இரண்டும் முறையாக நடந்தன. (பல்லியைக் கொல்லுமாறு வரும் ஹதீஸ் இதற்கும் பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். அதில் கூறப்படும் ‘வஸக்’ வேறு, இலை தின்னும் இது வேறு.)

ஒன்பது நாள்கள் அது ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. “காட்டில் விட்டுவிடுங்கள் ஹஜ்ரத், நன்மை கிடைக்கும்” என்றார்கள். பூனையைக் கட்டிவைத்த பெண் தண்டிக்கப்பட்டது, அவள் உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை என்பதற்காக. ஆனால் இங்கே விடுவிப்பது விடுதலையாகாது. அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்ப்பிலிருந்து வெளியேறிப் பெருகிய இகுவானாக்கள் தோட்டங்களைத் தின்றழிக்கின்றன. கடுங்குளிர் நாள்களில் விறைத்து மரத்திலிருந்து விழுகின்றன. நம் மலையின் மார்கழி இரவும் அதற்கு ஏற்றதன்று. ஹதீஸ் காட்டும் இரு வழிகளுள் ஒன்று அடைபட்டுவிட்டதால், மற்றொன்றின் பொறுப்பு இருமடங்காயிற்று.

வளர்ந்த இகுவானா இடம் மாறினால் சில நாள்கள் உண்ண மறுப்பது இயல்பே. அதற்கு அப்போது தேவை நம் கொஞ்சல் அன்று, தனிமை. பழைய கூண்டையும் அது ஏறிப் படுத்த கிளையையும் மாற்றாமல் வைத்தோம். கூண்டின் மூன்று பக்கங்களைத் துணியால் மறைத்தோம். வெயில்காயும் இடத்தில் முப்பத்தைந்து டிகிரி வெப்பம் இருக்குமாறு விளக்கு. இரவுக்கு, ஒளியின்றி வெப்பம் மட்டும் தரும் பீங்கான் விளக்கு. மின்சாரம் நின்றால், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகள். கண்ணாடி சன்னலோரம் வைத்தால் போதாது. அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும் என்பதால், அதற்கென்றே தனி விளக்கும் உண்டு.

பிள்ளைகளுக்குத்தான் பொறுமையில்லை. அதன் உச்சந்தலையில் மூன்றாவது கண் போன்ற ஓர் உறுப்பு உண்டு. உருவம் தெரியாது, ஒளியும் நிழலும் தெரியும். மேலிருந்து நீளும் கை அதற்குப் பருந்தின் நிழல். இதைச் சொன்னபின் பிள்ளைகள் தரையில் அமர்ந்தே பார்த்தார்கள். அது தலையை ஆட்டி வாலைச் சுழற்றினால் எழுந்து போய்விட வேண்டும் என்பது வீட்டின் சட்டம். சுப்ஹுக்குப் பின் அந்த அறையின் மூலையில் அமர்ந்து ஓதுவதை நாம் வழக்கமாக்கினோம். நம் குரல் அதற்குப் பழகட்டும் என்று.

பத்தாம் நாள் செம்பருத்திப் பூ ஒன்று காணாமற்போயிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்! பிறகு முருங்கைக்கீரை, பப்பாளித் துண்டு. பசலைக்கீரையை மட்டும் தவிர்க்கிறோம். அது சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது.

இரண்டு மாதங்களாகியும் தொடவிடுவதில்லை. ஒரு முழம் தள்ளி வைத்த பூவை, நாம் அமர்ந்திருக்கும்போதே வந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்காலம் நெருங்குவதால் இன்னொரு பீங்கான் விளக்கு வாங்கி வைத்திருக்கிறோம்.