ஊசியும் போடும் கையும்

மலேசியாவின் ஜார்ஜ் டவுன் கிளினிக்குகளில் தடுப்பூசிக்கு வரும் கைக்குழந்தை முதல் இன்சுலின் போடக் கற்றுக்கொள்ள வரும் முதியவர் வரை எல்லோரும் தாதியரின் கைக்கே வருவதால், வலி எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்பதை ஒப்பிட்டறியும் வாய்ப்பு அவர்களுக்கு இயல்பாகவே அமைகிறது. தோலைத் துளைக்கும் கணத்தின் வலி சிறிது. அவசரத்தாலும் பழைய பழக்கத்தாலும் போடுபவர் அதன்மேல் ஏற்றும் வலியே பெரிது.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த ஈரம் காயுமுன் குத்தினால் ஸ்பிரிட்டும் ஊசியோடு உள்ளே சென்று எரியும். அது காய அரை நிமிடம் போதும் என்றாலும், வரிசை நீளும்போது முதலில் பறிபோவது அந்த அரை நிமிடமே. மேல்கையின் டெல்டாயிட் தசையில் போடும்போது கையை மடியில் தளரவிடச் செய்து, செங்குத்தாக, தயங்காமல் செலுத்த வேண்டும். இறுகிய தசையில் அதே ஊசி இருமடங்கு நோவதுபோல் தோன்றும்.

ஊசி உள்ளே சென்றபின் பிஸ்டனைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா எனப் பார்க்கும் வழக்கம் தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டது. தடுப்பூசி போடும் மேல்கையிலும் தொடையிலும் அதற்குரிய இடத்தில் பெரிய இரத்தக்குழாய் இல்லாததாலும், அவ்வாறு இழுக்கையில் ஊசி அசைந்து கூடுதல் நேரம் தசைக்குள் தங்குவதாலும், உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசிகளுக்கு அதைக் கைவிடச் சொன்னது; ஆனால், பல ஆண்டுகள் பழகிய கட்டைவிரல் அறிவுரைக்கு எளிதில் இணங்குவதில்லை. குழந்தையைப் படுக்கவைக்காமல் தாய் மடியில் அணைத்திருக்கச் செய்வது, பாலூட்டிக்கொண்டே போடுவது, ஒரே நாளில் இரண்டு ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசிக்கு வைப்பது ஆகியனவும் அதே பரிந்துரையில் உள்ளவை. “வலிக்கவே வலிக்காது” என்று பிள்ளையிடம் சொல்வது அடுத்த ஊசிக்கான நம்பிக்கையையும் சேர்த்துக் கெடுக்கும். “சாக்கிட் சிக்கிட்” என்று மலாயில் சொல்லப்படும் ‘கொஞ்சம் வலிக்கும்’ என்பதே நேர்மையானது.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டதால், இன்சுலின் ஊசி இங்குப் பல வீடுகளில் அன்றாடப் பொருளாகிவிட்டது. வெயிலுக்கு அஞ்சிக் குளிர்பெட்டியில் வைத்த பேனாவை எடுத்தவுடன் போட்டால் மருந்தின் குளிர்ச்சியே வலிக்கும் என்பதால், சற்று முன்பே வெளியில் எடுத்துவைப்பது நல்லது. ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் முனை மழுங்கி நோகும்.

இதில் வலியின்மையே தவறான வழிகாட்டியாவதும் உண்டு. ஒரே இடத்தில் தொடர்ந்து போடுவதால் தோலடிக் கொழுப்பு தடித்துக் கட்டிபோலாகி, அங்கு உணர்ச்சி குறைந்துவிட, நோயாளி அவ்விடத்தையே விரும்பித் தேர்கிறார். இன்சுலினோ அங்கிருந்து சீராக உறிஞ்சப்படுவதில்லை. ஆகையால் ‘வலிக்காத இடம்’ என்று அவர் காட்டும் வயிற்றுப் பகுதியைத் தாதி விரல்நுனியால் தடவிப் பார்த்து, தடிப்பு இருந்தால் வேறிடத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். புதிய இடத்தில் சற்றுக் கூடுதலாக வலிக்கும் என்பதையும், மருந்து நன்கு உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை தாழக்கூடும் என்பதால் அளவை மருத்துவரிடம் கேட்டுக் குறைக்க வேண்டிவரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.