பங்கு கொள்ள வாரீர்!

உயர்தர வகுப்பு மாணவருக்கு இயற்கை மடக்கையைக் கற்பிக்கத் தொடங்கும் நாளில், நாம் முதலில் ஒரு வட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம். ஒருவன் ஒரு ரூபாவை ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு நூறு வட்டியாகக் கடன் கொடுக்கின்றான். ஆண்டு முடிவில் அவன் பெறுவது 2 ரூபா. வட்டியை ஆறு மாதத்துக்கு ஒரு முறை முதலோடு சேர்த்தால் 2 ரூபா 25 சதம். மாதந்தோறும் சேர்த்தால் 2 ரூபா 61 சதம். நாள்தோறும் சேர்த்தால் 2 ரூபா 71 சதம். "அப்படியானால், நொடிதோறும் சேர்த்தால் அவன் குபேரனாகி விடுவானா?" என்று கேட்போம். வகுப்பிற் பாதிப் பேர் "ஆம்" என்பர். ஆகமாட்டான். எவ்வளவு விரைவாக வட்டிக்கு வட்டி சேர்த்தாலும், அந்த ஒரு ரூபா 2.718281828 என்று முடிவின்றித் தொடரும் ஓர் எண்ணைத் தாண்டாது. அந்த எண்ணுக்கே கணித நூலார் 'ஈ' என்று பெயரிட்டுள்ளனர். ஆசைக்கு எல்லையில்லாதிருக்கலாம், கணக்குக்கு எல்லையுண்டு என்று கூறிப் பாடத்தைத் தொடங்குவோம்.

இந்த எண்ணைத் தன் பங்கு விற்பனை விண்ணப்பத்திலேயே எழுதி வைத்த கம்பனியின் கதை மாணவருக்கு மிகவும் பிடிக்கும். 2004 ஏப்பிரல் 29 ஆந் திகதி அமெரிக்காவின் கூகிள் கம்பனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க அனுமதி வேண்டி விண்ணப்பித்தது. தான் திரட்ட விரும்பும் தொகை 2,718,281,828 டொலர் என்று அதிற் குறிப்பிட்டது. பின்னர் அந்த விற்பனையிற் கம்பனி தன் சார்பாக விற்ற பங்குகளின் தொகை 14,142,135. அது இரண்டின் வர்க்கமூலத்தின் இலக்கங்களாகும். அடுத்த ஆண்டு மேலும் 14,159,265 பங்குகளை விற்றது. அவை 'பை' என்னும் எண்ணிலே மூன்றுக்குப் பின்வரும் இலக்கங்கள். "கணிதம் எதற்குப் பயன்படும்?" என்று கேட்கும் மாணவனை வாயடைக்கச் செய்ய இக்கதை எமக்குப் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வந்தது.

சென்ற ஆண்டு அதே கதை எம் வீட்டு விறாந்தைக்கும் வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எம் தமக்கையார் தம் மகனோடு எம் வீட்டுக்கு வந்திருந்தார். அத்தான் காலமாகி ஓராண்டு கழிந்திருந்தது. அவர் முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த சேமலாப நிதிப் பணம் அப்பொழுதுதான் கைக்குக் கிடைத்திருந்தது. மருமகன் கணினித் துறையிற் பட்டம் பெற்றுக் கொழும்பிலே உத்தியோகம் பார்ப்பவன், கெட்டிக்காரன். பெண்கள் இருவரும் அடுக்களையில் இருக்க, அவன் எம் அருகே அமர்ந்து மெல்லப் பேச்செடுத்தான்.

"மாமா, ஒரு புதிய தொழில்நுட்பக் கம்பனி பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கப் போகின்றது. அப்பாவின் பணத்தை அதில் இடலாமென்று நினைக்கின்றேன். வங்கியிலே கிடந்து என்ன பயன்? 2022 இற் பட்டது போதாதா?"

அவன் கேட்டது எளிதில் ஒதுக்கக் கூடிய கேள்வியன்று. அவ்வாண்டு செப்தெம்பரிலே நம் நாட்டின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியது. வங்கியில் வைத்த பணம் எண்ணிக்கையிற் குறையாமலே பெறுமதியிற் கரைந்ததை நாம் எல்லோரும் கண்டோம். பணத்தை அசையாமல் வைத்திருப்பதும் ஒருவகைச் சூதாட்டமே என்று அவ்வாண்டு எமக்குக் கற்பித்தது.

அவன் தொடர்ந்தான்: "நீங்கள்தானே மாமா எனக்குக் கூகிள் கதையைச் சொன்னீர்கள்? அன்று 85 டொலருக்கு ஒரு பங்கு வாங்கியவனிடம் இன்று நாற்பது பங்குகள் இருக்கின்றன." கணக்குச் சரிதான். 2014 இலும் 2022 இலும் அக்கம்பனி தன் பங்குகளைப் பிரித்தமையால், அன்றைய ஒரு பங்கு இன்று நாற்பதாகியுள்ளது. பங்கொன்றின் அடக்கவிலை இரண்டு டொலருக்குச் சற்று மேல் மட்டுமே. நாம் சொன்ன கதை எமக்கே எதிராக வந்து நின்றது.

எம் உள்ளத்தில் அப்பொழுது வேறொரு நினைவு எழுந்தது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் கொழும்புப் பங்குச் சந்தை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இடையறாது ஏறியது. ஆசிரியர் அறையிலும் அதுவே பேச்சு. 2010 இன் முடிவில் நாமும் ஒரு கம்பனியின் பங்குகளை வாங்கினோம். அக்கம்பனி என்ன தொழில் செய்கிறது, யார் நடத்துகிறார் என்பவற்றை விசாரிக்கவில்லை. அடுத்த வீட்டார் வாங்கினார், நாமும் வாங்கினோம். பணத்துக்காக மனைவியின் காப்புக்கள் அடகுக்குப் போயின. 2011 இன் தொடக்கத்தில் உச்சிக்கு ஏறிய சந்தை பின்னர் இறங்கிக்கொண்டே போயிற்று. நாம் வாங்கிய பங்கு மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்தது. காப்புக்களை மீட்க நான்கு ஆண்டுகள் மாலை வகுப்பு நடத்த வேண்டியிருந்தது. அந்நாட்களில் எம் மனைவி எம்மிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொன்னாரல்லர். கோயிலுக்குப் போகும்பொழுது வெறுங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார்; அவ்வளவே. அது கடுஞ்சொல்லினும் எம்மைச் சுட்டது.

இதை மருமகனுக்குச் சொல்ல நாணி, கூகிள் கதையையே இம்முறை முழுவதுஞ் சொல்லத் தொடங்கினோம்.

ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லரி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இருவர் 1998 இலே இக்கம்பனியைத் தொடங்கினர். அன்டி பெக்ரோல்ஷைம் என்னும் செல்வர் அவர்களுக்கு 1,00,000 டொலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தபொழுது, அப்பெயரில் ஒரு கம்பனி பதிவாகியிருக்கவுமில்லை. தொடக்கத்தில் முதலிட்ட சிலருள், சென்னையிற் கல்வி கற்று அமெரிக்கா சென்ற ராம் சிறீராமும் ஒருவர். இவர்கள் ஏற்ற ஆபத்து பெரிது. பெற்ற பயனும் பெரிது. ஆனால் பொதுமக்கள் அழைக்கப்பட்டது அப்பொழுதன்று, ஆறு ஆண்டுகளின் பின்னரே. அதற்குள் கம்பனி வளர்ந்துவிட்டது. முதல் விண்ணப்பத்தின்படி 2003 ஆம் ஆண்டில் அதன் வருமானம் 96 கோடி டொலர். இலாபம் 10 கோடிக்கு மேல். ஐந்நூறு பங்காளருக்கு மேற்பட்ட கம்பனி தன் கணக்குகளை வெளியிட்டேயாக வேண்டுமென்று அக்காலத்து அமெரிக்கச் சட்டம் விதித்தது. கூகிள் ஊழியர் பலர் பங்குகள் பெற்றிருந்தமையால் கம்பனிக்கு அந்நிலை வந்தது. எப்படியும் கணக்கைக் காட்டவேண்டிய கம்பனி, சந்தைக்கும் வந்தது.

பங்கின் விலையை அது தீர்மானித்த முறை புதுமையானது. வழமையாக முதலீட்டு வங்கிகளே விலையை நிர்ணயித்து, தமக்கு வேண்டியவர்களுக்கு முதலிற் பகிர்ந்தளிக்கும். முதல் நாளிலேயே விலை ஏற, அந்த இலாபம் அவர்களுக்கே போகும். சாதாரண மனிதன் ஏறிய விலையிலேதான் வாங்க முடியும். கூகிள் இதனை விடுத்து ஏலமுறையை மேற்கொண்டது. எங்கள் ஊர்க் கோயில் மாம்பழ ஏலத்தைப் போன்றதன்று அது. கோயில் மாம்பழத்தை எடுப்பவர் பழத்தின் சுவைக்காக எடுப்பதில்லை, அது பக்தி. இது வேறு. பத்து மாம்பழங்கள் இருக்கின்றனவென்று கொள்வோம். வேண்டியவர் எத்தனை பழம், என்ன விலை என்பதை எழுதி மறைவாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் நான்கு பழத்தைப் பழமொன்று 120 ரூபாவாகவும், மற்றொருவர் நான்கை 110 ஆகவும், வேறொருவர் இரண்டை 100 ஆகவும், இன்னொருவர் ஐந்தை 90 ஆகவும் கேட்கின்றனர். மேலிருந்து எண்ணி வர, 100 ரூபா கேட்டவரோடு பழங்கள் முடிந்துவிடும். அந்த 100 ரூபாவே மூவருக்கும் விலை. கூடக் கேட்டவரும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. கூகிளின் ஏலத்தில் ஐந்து பங்கு வேண்டுபவரும் கலந்துகொள்ளலாம் என்றனர்.

"நேர்மையான வழிதானே, மாமா?" என்றான் மருமகன்.

நேர்மையானதே. ஆயினும் கம்பனி எதிர்பார்த்தது நடக்கவில்லை. பங்கொன்றுக்கு 108 முதல் 135 டொலர் வரை கிடைக்குமென்று முதலில் அறிவித்தனர். கேட்பவர் குறையவே, விற்கும் பங்குகளின் தொகையையும் விலையையும் குறைத்தனர். முடிவில் 85 டொலரே விலையாயிற்று. 2004 ஓகத்து 19 ஆந் திகதி நஸ்டாக் சந்தையிற் பங்கு முதன்முதல் விற்கப்பட்டது. அன்று மாலை 100 டொலர் 34 சதத்தில் நின்றது. திரண்ட தொகை ஏறத்தாழ 167 கோடி டொலர். 'ஈ' என்னும் எண்ணிலே எழுதிய கனவு அதனை எட்டவில்லை. இத்துணை பெரிய கம்பனியின் பெறுமதியையும் அன்று ஒருவராலும் சரியாகக் கணிக்க இயலவில்லை என்பதை மருமகன் ஒப்புக்கொண்டான்.

"இனி, தோற்றவரையும் எண்ணு" என்றோம். வளர்ப்புப் பிராணிகளுக்கு வேண்டிய பொருள்களை இணையத்தில் விற்ற பெற்ஸ் டொட் கொம் என்னும் கம்பனி, 2000 பெப்ருவரியிற் பங்கொன்றை 11 டொலருக்கு விற்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே கடையை மூடுவதாக அறிவித்தது. 2000 மார்ச்சு முதல் 2002 ஒக்டோபர் வரையில் நஸ்டாக் சுட்டெண் தன் உயரத்தில் முக்காற் பங்குக்கு மேல் இழந்தது. கரை சேர்ந்த தோணியின் பெயரை எல்லோரும் சொல்வர். அமிழ்ந்த தோணிகளை எண்ணுவாரில்லை.

அடுத்து, யாவரும் மறந்துவிடுகின்ற செய்திக்கு வந்தோம். கூகிள் பொதுமக்களுக்கு விற்ற பங்கு ஒன்றுக்கு ஒரு வாக்கு. கம்பனியை நிறுவியோரும் மற்றைப் பழைய பங்காளரும் வைத்திருந்த பங்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு. நிர்வாகிகளும் பணிப்பாளரும் சேர்ந்து வாக்குகளில் நூற்றுக்கு 61.4 பங்கைத் தம் வசம் வைத்திருப்பர் என்று, விண்ணப்பத்தோடு இணைத்த கடிதத்திலேயே எழுதியிருந்தனர். இலாபத்தில் உங்களுக்கு முழுப் பங்குண்டு, தீர்மானத்தில் மிகச் சிறிதேயுண்டு என்பதே அதன் சாரம். 2014 இலோ வாக்கே இல்லாத புதியவகைப் பங்கையும் வெளியிட்டனர். அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை. வாசித்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாசியாது வாங்குவோர்தாம் பலர்.

"ஆகவே, நீ சொல்லும் கம்பனியின் விவரப் பத்திரத்தை முழுதும் வாசி. திரளும் பணம் தொழிலுக்குப் போகின்றதா, பழைய பங்காளரின் பைக்குப் போகின்றதா? இலாபம் வருகின்றதா? தீர்மானிப்பவர் யார்? இவற்றைக் கண்டுகொண்டு வா" என்று கூறி முடித்தோம். எமது விரிவுரை எமக்கே நிறைவாயிருந்தது.

அப்பொழுது தமக்கையார் தேநீரோடு விறாந்தைக்கு வந்தார். எல்லாவற்றையும் அடுக்களையிலிருந்து கேட்டிருக்கிறார்.

"தம்பி, நீ சொன்னதும் நல்ல கணக்கு, மகன் சொன்னதும் நல்ல கணக்கு. காசு என்னுடையது அல்லவா? என்னை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?"

எம்மிருவர் வாயும் அடைத்துப் போயின. ஒரு மணி நேரம் வாக்குரிமையைப் பற்றிப் பேசிய நாம், பணத்துக்கு உரியவரை வாக்கில்லாப் பங்காளியாக அடுக்களையில் இருத்தியிருந்தோம். அதைவிடக் கொடிது ஒன்று உண்டு. 2010 இற் காப்புக்களைக் கழற்றி வாங்கியபொழுதும் நாம் எம் மனைவியிடம் தீர்மானத்தைச் சொன்னோமேயன்றி, கருத்தைக் கேட்டோமில்லை. அவர் தமக்கையாரின் பின்னே கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றுதான் அக்கதையை மருமகனுக்கு முதன்முறையாகச் சொன்னோம், அவர் கேட்கும்படியாகவே.

மூன்று வாரங்களின் பின் மருமகன் விவரப் பத்திரத்தோடு வந்தான். பக்கந்தோறும் சிவப்புக் கோடுகள். விற்கும் பங்குகளிற் பெரும்பகுதி பழைய பங்காளருடையது. தொழிலுக்குப் போவது சிறு பகுதியே என்று தானே கண்டிருந்தான். தமக்கையார் அதைக் கவனமாகக் கேட்டார். பின்பு தம் தீர்மானத்தைச் சொன்னார்: வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற ஒரு பகுதி, நிலையான வைப்பிலே பெரும்பகுதி, மிகுதியில் ஐம்பதாயிரம் ரூபா மகனுக்கு. "இதை எங்கு வேண்டுமானாலும் போடு. போனாற் கேட்கமாட்டேன். வந்தால் பாதி எனக்கு" என்றார்.

ஆபத்தையும் அளந்து, இலாபத்தையும் வகுத்து, எல்லையையும் வைத்துவிட்ட அந்தத் தீர்மானத்தைக் கேட்டு நாம் வியந்தோம். கணிதத்தில் அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரையில்.

இவ்வாண்டும் 'ஈ' என்னும் எண்ணைக் கற்பிக்கும்பொழுது கூகிள் கதையைச் சொன்னோம். ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் பங்கு வாங்கலாமா, வாங்கக் கூடாதா, சேர்?" என்று கேட்டாள். "வாங்கலாம். உன் பணத்தில், வாசித்துப் பார்த்து வாங்கு. வீட்டுப் பணமென்றால், வீட்டில் எல்லோரையும் கேட்டபின் வாங்கு" என்றோம். பரீட்சைக்கு வராத பாடந்தான். ஆயினும் அவள் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.