பிரிண்டருக்குள் எங்கள் ஊர் சரக்கு

மூச்சு நின்றுபோன பிரிண்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு விருத்தாசலத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறியது ஒரு மே மாத மதியம். பேத்தியின் காதுகுத்துப் படங்களை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கியது. அதற்குப் பிறகு கார்ட்ரிட்ஜுக்குக் கொட்டிய பணத்தில் இன்னும் மூன்று பிரிண்டர் வாங்கியிருக்கலாம். மெக்கானிக் தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டு சார்" என்றார். புதிதாக வாங்குவதென்றால் எதை வாங்கலாம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல், வேறொரு மெஷினில் கழற்றிய, மை தெளிக்கும் ஹெட்டை டிராயரிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதுக்குள்ள வேலை செய்யறது உங்க ஊர் சரக்குதான் சார். பீங்கான்."

சிரித்துவிட்டேன். விருத்தாசலத்துக்காரனிடமே பீங்கான் கதையா? செராமிக் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த பட்டறையில்தான் என் பள்ளி விடுமுறைகள் போயின. கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உட்பக்கம் தோல்போலப் படலம் பிடிக்கும். மிச்சக் கரைசலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார் ஈரமாக உட்கார்ந்திருப்பார். கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு மலையாகக் குவியும். மற்ற நாளில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும். அப்பா ஃபியூஸ் கட்டையை விரலால் சுண்டுவார். 'ணங்' என்றால் நல்லது. 'சொத்' என்றால் உள்ளே விரிசல், தூக்கிப் போடு. பீங்கானுக்கு அழகே கரண்டைக் கண்டு அசையாமல் இருப்பதுதான் என்பது அவர் பாடம். கரண்டுக்கு ஆடுகிற பீங்கான் என்றால் எப்படி நம்புவது?

ஊரிலேயே இருக்கும் அரசு செராமிக் கல்லூரியில் டிப்ளமோ முடித்த தங்கை மகனைப் பிடித்தேன். அவன் நேரே அடுப்படிக்குப் போய் கேஸ் லைட்டரை எடுத்துவந்து என் மூக்குக்கு நேரே 'டக்'கென்று அமுக்கினான். "இதுல பேட்டரி எங்க மாமா இருக்கு?" யோசித்ததே இல்லை. உள்ளே ஒரு சின்னப் பீங்கான் துண்டு. சுத்தி மாதிரி ஒன்று அதை அடிக்கிறது. அடி வாங்கிய பீங்கான் மின்சாரத்தைக் கக்குகிறது. "அதையே திருப்பிப் போடுங்க. கரண்ட் குடுத்தா பீங்கான் நெளியும், நெளிஞ்சு இங்க்கை வெளிய தள்ளும். அவ்வளவுதான் உங்க பிரிண்டர்."

அங்கே பிடித்த நூலை இழுத்துக்கொண்டே போனேன். அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும். மேரி கியூரி அந்தக் குடும்பத்துக்கு வருவதற்கு 15 வருடம் முந்திய கதை இது. மறுவருடமே, மின்சாரம் கொடுத்தால் படிகம் உருமாற வேண்டும் என்று லிப்மன் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொல்ல, அண்ணன் தம்பி இருவரும் அதையும் செய்து காட்டினார்கள். பிரிண்டரில் இருக்கும் பீங்கானில் நம்மூர்க் களிமண் கிடையாது. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து சுட்டது. ஆனால் சுடாமல் ஆகாது. அந்த மட்டில் எங்கள் ஊருக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

இதைப் பிரிண்டருக்குள் கொண்டுவந்து பிரபலப்படுத்திய எப்சனின் பூர்வீகம் ஜப்பானின் சுவா என்ற ஊரில் இருந்த கடிகாரத் தொழிற்சாலை. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 1969இல் அங்கிருந்துதான் வந்தது. குவார்ட்ஸும் இதே ஜாதிதான், கரண்டுக்குத் துடிக்கும் கல். 1993இல் அவர்கள் பீங்கான் ஹெட் வைத்த பிரிண்டரை இறக்கினார்கள். கேனன் கதை வேறு. 1977இல் அவர்கள் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக ஒரு சிரிஞ்சு ஊசியில் பட, உள்ளிருந்த இங்க் பீய்ச்சியடித்தது. அதிலிருந்து பிறந்தது மையைக் கொதிக்கவைத்துக் குமிழியால் தள்ளும் முறை.

எது நல்லது என்றால், என் கணக்கு இது: சூடாக்கும் ஹெட் தேயும், ஆனால் பல மாடல்களில் நாமே கழற்றி மாற்றலாம். பீங்கான் ஹெட் லேசில் தேயாது. ஆனால் இங்க் காய்ந்து துளை அடைத்துக்கொண்டால் ஹெட் மாற்றுகிற செலவுக்குப் புது மெஷினையே யோசிக்கலாம். எங்கள் ஊர் வெயிலில் இது சாதாரண விஷயமில்லை. சுவர் சுவிட்சைத் தட்டி அணைக்கவே கூடாது என்று மெக்கானிக் தம்பி சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அமுக்கினால்தான் ஹெட் ஓரமாகப் போய்த் தன் மூடிக்குள் உட்காரும். பாதியில் கரண்டை வெட்டினால் வாயைத் திறந்தபடி காயும்.

இங்க் டேங்க் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கார்ட்ரிட்ஜ் விலை தாங்காத கடைக்காரர்கள், பிரிண்டருக்குப் பக்கத்தில் பாட்டில் வைத்து டியூப் சொருகி இங்க் ஏற்றினார்கள். இந்தோனேசியாவில் அதற்குப் பெயரே 'இன்ஃபுஸ்'; ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. மல்லுக்கட்டிப் பயனில்லை என்று கண்ட எப்சன், 2010இல் அதே இந்தோனேசியாவில் தானே டேங்க் வைத்த பிரிண்டரை விற்க ஆரம்பித்தது. தெருவோர மெக்கானிக்குகள் கம்பெனிக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள்.

காகிதத்திலும் எங்கள் தொழில்தான். நல்ல போட்டோ பேப்பரின் மேல்பூச்சில் இருப்பது சிலிக்கா அல்லது அலுமினாத் துகள்; இரண்டும் பீங்கான்காரனுக்குப் பழகிய பெயர்கள். கிளேஸ் போடாத அகல் எண்ணெயைக் குடிப்பதுபோல, அந்தப் பூச்சின் நுண்துளைகள் இங்க்கைக் குடிக்கின்றன. மலிவுத் தாளில் மை பரவி முகம் மங்குவது இந்தப் பூச்சு சரியில்லாததால்தான். பிரிண்டரை மட்டும் விலை பார்த்து வாங்கி, தாளில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, நானும் பண்ணியவன்தான்.

கடைசியில் ஆறு நிற டேங்க் பிரிண்டர் வாங்கினேன். நான்கு நிறம் பல ஆயிரம் குறைவு. பாஸ்போர்ட் போட்டோவுக்கும் பள்ளி ப்ராஜெக்டுக்கும் தாராளம். ஆனால் கன்னத்தின் வெளிச்சப் பக்கத்தில் புள்ளி தெரியாமல் இருக்க வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் வேண்டியிருக்கிறது. லென்ஸ் வைத்து இரண்டு பிரிண்ட்டையும் பார்த்தே முடிவு செய்தேன். மாதம் பத்துப் படம்கூடப் போடாதவர் இது எதுவும் வாங்க வேண்டாம். கடைத்தெரு ஸ்டுடியோவில் கொடுத்தால் மலிவு.

முதலில் போட்டது அப்பா சூளை வாசலில் நிற்கும் பழைய படம். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அகல் ஏற்றும் நேரத்துக்கு, துளை காயாமல் இருக்க நான் ஒரு படம் போடுகிறேன். ஹெட் கிர்ர்ரென்று ஓடித் திரும்பும் சத்தம் கேட்டதும் பேத்தி தட்டுக்குக் கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். இன்னும் ஈரம் காயவில்லை, தொடாதே என்று ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன்.