வளியும் ஒலியும்

மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சர் தெரிவு செய்வதைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தின் மலரிலே கட்டுரை வரைய முற்படுவது நண்பர் சிலருக்கு நகைப்பை ஊட்டக்கூடும். சங்கப் பாடல்களும் சாசனங்களும் ஆராயப்படும் ஏட்டில் புகைக்குழாய்க்கு என்ன அலுவல் என்று அவர்கள் வினவுவார்களாயின் என்னிடம் தக்க விடை இல்லை. அண்மைக் காலத்தில் என் சிந்தையை இத்துணை அலைக்கழித்த பொருள் பிறிதொன்றில்லை என்பது மாத்திரமே நான் கூறக்கூடியது.

என் தந்தையார் விட்டுச்சென்ற உடைமைகளுள் ஒன்று ஹொண்டா சீடி 200 வகை மோட்டார் சைக்கிள். வடமராட்சியிலே ஆசிரியத் தொழில் புரிந்த அவர் அதனை 1980களில் வாங்கினார். 194 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, உருளைகள் இரண்டு, காபரேற்றர் ஒன்று, வலப்புறமும் இடப்புறமும் ஒவ்வொரு சைலன்சர். இரு முசலங்களும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்குவன. ஆயின் வெடிப்பு மாறிமாறி நிகழும். எனவே ஒரு சுழற்சிக்கு ஒன்றாகச் சீரான இடைவெளியில் வெடிப்புகள் தொடர்கின்றன. அந்நாளில் ஊரிலே பெரிதும் காணப்பட்ட எம்டி 90 தனி உருளை வண்டி. அதன் ஓசை அறுந்து அறுந்து வரும். சீடி 200 இன் ஓசையோ நன்றாக எண்ணெய் விட்ட தையல் இயந்திரத்தினது போல இழை அறாமல் ஓடும்.

2017 இல் அவர் காலமான பின்னர் வண்டி கொட்டிலுள் கிடந்தது. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு விலைகள் ஏறத் தொடங்கியதும், புதிதாக ஒன்றை வாங்கும் எண்ணம் என் சம்பளத்துக்கு எட்டாததாயிற்று. ஆகவே பழையதை லொறியில் ஏற்றிப் பேராதனைக்குக் கொணர்வித்துத் திருத்தினேன். திருத்தி முடிந்தபோது 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி வந்து சேர்ந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் பெற்றோல் என்று பங்கீடு செய்யப்பட்ட காலம் அது. ஓட்ட முடியாத வண்டியை எவ்வாறு மேம்படுத்தலாம் என்று சிந்திப்பதற்கு அதைவிட வாய்ப்பான காலம் வேறு இருக்க முடியாது.

என் நோக்கம் எளியது. பேராதனையிலிருந்து ஏ9 வீதி வழியே ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தை ஒரே பகலிற் கடந்து வீடு சேர வேண்டும். அதற்கேற்ப எஞ்சினுக்குச் சிறிது கூடிய மூச்சைக் கொடுக்க விரும்பினேன். என்னிடம் பயின்ற மாணவர் சிலர் இத்துறையில் என்னிலும் தேர்ந்தவர்கள். "சேர், கொம்பனி சைலன்சரோடை ஓடுறது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுற மாதிரி" என்றார் ஒருவர். உவமை நன்றாக இருந்தது. நன்றாக அமைந்த உவமைக்கு மயங்குவது எங்கள் துறையினரின் பழைய பலவீனம். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சென்று, ஒலிபெருக்கி வடிவிலமைந்த இரு குறுஞ் சைலன்சர்களையும், இருக்கைக்கு அடியிலுள்ள வளிப் பெட்டியை அகற்றிவிட்டுக் காபரேற்றரின் வாயிலேயே நேரே செருகத்தக்க கூம்பு வடிவ எயார் பில்ரர் ஒன்றையும் வாங்கினேன். காபரேற்றரின் ஜெற்றை மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்குத் தேவையில்லை என்றார் கடைக்காரர். அதனை நம்பியது என் பிழை.

பின்னர் கற்றுக்கொண்டதை இங்கே முன்னதாகக் கூறிவிடுகிறேன். பெற்றோல் செவ்வனே எரிவதற்கு அதன் நிறையைப் போல ஏறத்தாழ 14.7 மடங்கு வளி வேண்டும். உள்ளெடுப்பையும் வெளியேற்றத்தையும் தளர்த்திவிட்டுப் பெற்றோல் வரும் துளையை மாத்திரம் பழைய அளவிலே வைத்திருப்பின் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை எஞ்சினைச் சுட வைக்கும். இஃது ஒன்று. மற்றையது குழாயின் நீளம். வெளியேற்று வால்வு திறக்கும் கணத்தில் உயர் அமுக்க அலையொன்று குழாய் வழியே விரைகின்றது. சூடான புகையினூடே அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர். திறந்த முனையை அடைந்ததும் அது தாழமுக்க அலையாகத் தெறித்து மீள்கின்றது. மீளும் வேளையில் இரு வால்வுகளும் ஒருங்கே சிறிது திறந்திருக்குமாயின், எஞ்சிய புகையை அது வெளியே உறிஞ்சுவதோடு புதிய கலவையையும் உள்ளே இழுத்துத் தரும். எஞ்சின் தானே ஊதித் தானே உறிஞ்சும் இந்த விந்தையே ஓட்டப் பந்தயக்காரரின் மூலதனம்.

ஆயின் அதற்கு வேளை பொருந்த வேண்டும். முன்குழாயோடு சேர்த்து என் புதிய குழாயின் நீளம் ஏறத்தாழ ஒரு மீற்றர். அலை சென்று மீள 4 மில்லிசெக்கன். இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் தறுவாய், வெளியேற்று வால்வு திறந்ததிலிருந்து சுழற்சியின் ஐந்தில் மூன்று பங்கு கழிந்த பின் வாய்ப்பதெனக் கொண்டால், நிமிடத்துக்கு 9000 சுழற்சியில்தான் கணக்குச் சரிவரும். நானோ 5000 இற்கு மேற் செல்லாதவன். 5000 இல் ஒரு சுழற்சிக்கு 12 மில்லிசெக்கன் ஆகும். அலையோ மூன்றிலொரு சுழற்சியிலேயே மீண்டு வந்து மூடிய கதவில் முட்டிக்கொள்கின்றது. நெடும் பயணம் செய்பவனுக்கு வேண்டியது நடுத்தர வேகத்தில் இழுக்கும் வலு. நான் பணங் கொடுத்து வாங்கியது, என்றுமே செல்லாத வேகத்தில் கிடைக்கும் வலுவை. விலையாக இழந்தது, அன்றாடம் பயன்படும் வலுவை.

2023 ஆவணி விடுமுறையிற் புறப்பட்டேன். அக்குறணையைக் கடந்து பலகடுவையிலிருந்து மாத்தளைப் பக்கம் இறங்கும்போது, வேகத்தைக் குறைக்குந்தோறும் குழாய்களுள் வெடிகள் கிளம்பின. தேநீர்க் கடைகளில் இருந்தோர் திரும்பிப் பார்த்தனர். அந்தப் பார்வை சிறிது நேரம் எனக்கு இனித்தது என்பதை மறைப்பானேன்? தம்புள்ளைக்கு அப்பால் வீதி நேராகி வெயிலும் ஏறியபோது எஞ்சின் வலுவிழக்கலாயிற்று. மதவாச்சியில் நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கோப்பி நிறத்தில் இருக்க வேண்டிய அதன் முனை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. ஆறவிட்டு, சோக்கை அரைவாசி இழுத்துக் கலவையைச் சிறிது தடிப்பாக்கிக்கொண்டு, மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஓட்டினேன். பகலில் முடிய வேண்டிய பயணம் இரவாயிற்று. ஆனையிறவைத் தாண்டும்போது காதுகளுள் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. கொடிகாமத்தில் திரும்பி, வரணி வழியாக ஊருக்குட் புகுந்தபோது இரவு பத்து மணி.

எங்கள் ஒழுங்கையின் முடக்கிலே திரும்பியபோது வீட்டு விறாந்தையில் வெளிச்சம் தெரிந்தது. படலையடியில் நான் வண்டியை நிறுத்தியதும் அவ்வெளிச்சம் நூர்ந்தது. மின்சாரம் நின்றுவிட்டதென எண்ணினேன். அயல் வீடுகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. "அம்மா" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் என் பெயரையும் சேர்த்துக் கூறிய பின்பே உள்ளே தாழ்ப்பாள் நீங்கும் ஓசை கேட்டது.

"ஆரெண்டு தெரியேல்லை, தம்பி. அதுதான் லைற்றை நூத்தனான்."

வேறொன்றும் அவர் கூறவில்லை. சோறு போட்டுத் தந்தார். மறுநாட் காலை முற்றம் கூட்டும்போது தாமாகவே சொல்லத் தொடங்கினார். 1990 ஆனியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, மின்சாரமும் இல்லை. சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, அதன்பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதது. முழுதும் எரியாமற் புகையாயும் கரியாயும் போய்ச் சைலன்சரிற் படிவது. அந்நாளில் இரவில் மோட்டார் சைக்கிள்கள் அரிதாகவே ஓடின. என் தந்தையாரின் வண்டி முடக்குக்கு வருமுன்னரே ஓசையால் இனங்கண்டு, இருளிலே நடந்து சென்று படலையைத் திறந்து வைப்பது அம்மாவின் வழக்கம். வேற்று வண்டியாயின், கைவிளக்கை நூர்த்துவிட்டு அது கடந்து போகும்வரை மூச்சடக்கி நிற்பது அதனோடு ஒட்டிய மற்றொரு வழக்கம். யாருடைய வண்டி, எதன் பொருட்டு வருகின்றது என்பதை அக்காலத்தில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. எதிர்வீட்டுப் படலையில் ஓரிரவு வந்து நின்ற வண்டியின் ஓசையைப் பற்றி அம்மா இன்றும் கூறுவார், அதற்குமேற் கூறமாட்டார்.

சைலன்சர் என்னுஞ் சொல் துப்பாக்கிக்கும் எஞ்சினுக்கும் பொதுவாய் அமைந்தது தற்செயலன்று. துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவிக்கு 1909 இற் காப்புரிமை பெற்ற ஹைரம் பேர்சி மக்சிம், அதே தத்துவத்தை எஞ்சின்களின் புகைக்குழாய்க்கும் பயன்படுத்தினார். அவருடைய தந்தையாரே மக்சிம் இயந்திரத் துப்பாக்கியை ஆக்கியவர். ஓசையை உண்டாக்கியவரின் வீட்டிலேயே அதனை அடக்குபவரும் பிறந்தார். நானோ அடங்கியிருந்த ஓசையைப் பணங் கொடுத்து அவிழ்த்துவிட்டவன்.

நெல்லியடியில் தந்தையாரின் வண்டியை முன்னர் பார்த்துவந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். புதிய குழாய்களைச் சுற்றிவந்து பார்த்தார், சிரிக்கவில்லை. "மாஸ்ரர் மண்ணெண்ணெயிலை ஓடேக்கையும் உந்தச் சத்தம் வரேல்லை" என்றார். பேராதனைக்குத் திரும்புவதற்காகப் பெரிய ஜெற் ஒன்றைப் பூட்டித் தந்தார். பழைய சைலன்சர்களை எறிந்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை, விடுதி அறையிற் கட்டிலுக்கடியில் இருக்கின்றன என்றேன். அவற்றைத் துப்புரவு செய்யும் முறையை அவரே விளக்கினார்.

எரிசோடாவை நீரிற் கரைத்து, குழாயின் ஒரு முனையை அடைத்து, நிரப்பி ஓரிரவு வைக்க வேண்டும். கையுறையின்றித் தொடலாகாது, அலுமினியம் எதிலும் படவிடலாகாது. காலையிற் கவிழ்த்தபோது தார் போன்ற கருங்குழம்பு வெளிவந்தது. மும்முறை செய்தேன். மூன்றாம் முறையும் கருமையாகவே வந்தது. பின்வந்த பெற்றோலின் கரியும் அதில் இருந்திருக்கும். ஆயினும் அத்தனையும் அந்த மண்ணெண்ணெய்க் காலத்தினது என்றே என் மனம் கணக்கிட்டது. குழம்பை வாய்க்காலில் ஊற்ற மனமின்றி, பழைய வாளி ஒன்றிலே சில நாள் வைத்திருந்தேன். அறை நண்பர் முறைப்பட்டார்.

உள்ளெடுப்பைப் பொறுத்தவரை, வளிப் பெட்டியை மீளவும் பூட்டினேன். அந்தப் பெட்டி வீணான அடைப்பன்று. எஞ்சினின் சூடு படாத இடத்திலிருந்து குளிர்ந்த வளியைக் கொடுப்பது, மழைநீரைத் தடுப்பது, உறிஞ்சும் ஓசையையும் அடக்குவது. அதனுள்ளே கடதாசி வடிக்குப் பதிலாக, எண்ணெய் தோய்த்த நுரைவடி ஒன்றை வெட்டிப் பொருத்தினேன். கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஜெற்றும் பழைய அளவே போதும். நெடும் பயணத்துக்காக நான் செய்த மேம்பாடு ஈற்றில் இவ்வளவே. குறுங் குழாய்களோடு லீற்றருக்கு 31 கிலோமீற்றர் ஓடிய வண்டி இப்போது 38 ஓடுகின்றது. பலகடுவை ஏற்றத்தை மூன்றாம் கியரிலேயே ஏறுகின்றது. ஓட்டப் பந்தயத்துக்குச் செல்வோர் வேறு தெரிவு செய்வர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஒலிபெருக்கிக் குழாய்களை முன்னர் உவமை கூறிய மாணவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார்.

2024 தைப்பொங்கலுக்கு முதல்நாள் மீண்டும் சென்றேன். முடக்கிலே திரும்பியபோது மாலை ஏழு மணி, இருட்டிவிட்டது. படலை திறந்திருந்தது. அம்மா அதனைப் பிடித்தபடி நின்று, நான் எஞ்சினை நிறுத்தக் கையை உயர்த்தியபோது, நிறுத்தாதே என்று சைகை காட்டினார். சிறிது தலை சாய்த்துக் கேட்டார்.

"இடப்பக்கத்துக் குழாயிலை எங்கையோ காத்துப் போகுது."

குனிந்து கையை அருகிற் பிடித்துப் பார்த்தேன். பற்றவைத்த விளிம்பின் கீழே, ஊசித்துளையளவில் வெப்பக் காற்று கசிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் கரி அடைத்து வைத்திருந்த துளையாக இருக்க வேண்டும். மறுநாள் பொங்கல், நெல்லியடியில் ஒட்டுக்கடை திறக்க இரண்டு நாளாகும் என்றார் அம்மா.