இரண்டு செக்கன் மௌனம்

வீடியோ தொகுக்கும்போது முன்னோட்டம் நின்று நின்று ஓடினால், நேரம் வீணாகிறது என்றுதான் எல்லோரும் குறைப்படுவார்கள். எனக்கு வந்த சிக்கல் வேறு. நின்றது கணினியா, உம்மும்மாவா என்று எனக்குத் தெரியவில்லை.

உம்மும்மாவுக்கு 82 வயது. கொஞ்ச நாளாக மறதி கூடி வருகிறது. அவர் சொல்வதையெல்லாம் இப்போதே பதிந்து வைக்கும்படி உம்மா சொன்னார். டிசம்பர் விடுமுறையில் அக்குறணை வீட்டு விறாந்தையில் அவரை உட்கார வைத்து, கைத்தொலைபேசியில் 40 நிமிடம் பதிவு செய்தேன். பிங்கா ஓயா பெருகிக் கடைத்தெருவுக்குள் தண்ணீர் வந்த கதை, தன் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்டிக்குப் போன கதை, கூடப் படித்த தோழிகளின் கதை. கட்டாரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்ப அதைப் பத்து நிமிடமாகச் சுருக்க வேண்டும்.

உம்மும்மாவின் கதையில் பாதி மௌனம்தான். சில இடங்களில் பெயர் நினைவுக்கு வராமல் நிற்பார். வேறு சில இடங்களில், கேட்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காகவே நிற்பார். முதலாவதை வெட்டலாம், இரண்டாவதை வெட்டினால் கதை செத்துவிடும். ஆனால் நானாவின் பழைய மடிக்கணினியில் எல்லா இடத்திலும் படம் திக்கியது. பக்கத்தில் வந்து பார்த்த உம்மும்மாவின் முகம் வாடிவிட்டது.

"எனக்கு இப்பிடியா மகள் பேச்சு திக்கிய?"

கணினிதான் திக்குகிறது என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

அதே வீடியோவைக் கைத்தொலைபேசியில் பார்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அப்படியானால் தொகுக்கும்போது மட்டும் ஏன் இந்தப் பாடு? இடத்தை மிச்சப்படுத்த, கைத்தொலைபேசி எல்லாப் படங்களையும் முழுதாகச் சேமிப்பதில்லை. இடைக்கிடை ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் மாறியதை மட்டும் குறித்து வைக்கிறது. என் தங்கச்சியிடம் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால், ஓரேழு ஏழு என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்துதான் ஐம்பத்தாறைப் பிடிப்பாள். கணினியும் அப்படித்தான். நாம் நடுவில் ஓரிடத்தைத் தொட்டால், அதற்கு முந்திய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். தொகுப்பவரோ ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் தாவிக்கொண்டே இருப்பார். போதாததற்கு நான் பதிந்தது 4கே தரத்தில். ஒரு படத்தில் 3840க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். செக்கனுக்கு 30 படங்கள். புதிய கணினிகளில் இதற்கென்றே தனிப் பாகம் உண்டு. நானாவின் கணினிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நான் பாவித்த கேடன்லைவ் இலவச மென்பொருள். 2002 முதல் இருந்து வருகிறது. அதில் முன்னோட்டத்தின் தரத்தை 360 வரிக்கு இறக்கிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, ஆனால் அரை வைத்தியம். காட்டுவது சிறிதானாலும் படிப்பது அதே பெரிய கோப்பைத்தான். முழு வைத்தியம் 'புரொக்சி'. ஒவ்வொரு கோப்புக்கும் மென்பொருளே சின்னப் பிரதி ஒன்றை உண்டாக்கும். 640க்கு 360 என்றால் புள்ளிகள் மூலத்தின் 36இல் ஒரு பங்குதான். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்தப் பிரதியில். கடைசியில் வீடியோவை வெளியெடுக்கும்போது மென்பொருள் தானாகவே மூலத்துக்குத் திரும்பிவிடும். மூலக் கோப்புகளை மட்டும் அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது.

இது கணினிக் காலத்து யுக்தி என்று நினைத்திருந்தேன். இல்லை. இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் இரண்டாவது படத்தை 1983இல் நம் கண்டிப் பக்கம் வந்து எடுத்தார்கள். அந்தத் தொங்கு பாலக் காட்சி விக்டோரியா அணைக்கட்டுப் பக்கம் எடுத்தது என்று நம் பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்கும். பிலிம் காலத்தில் கெமராவுக்குள் ஓடிய மூலச் சுருளில் தொகுப்பாளர்கள் கத்தி வைக்க மாட்டார்கள். அதிலிருந்து வேலைக்கென்று ஒரு பிரதி எடுத்து, கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று அதை வெட்டி ஒட்டிப் பார்த்து, எல்லாம் முடிவான பிறகே ஓர இலக்கங்களைப் பார்த்து மூலத்தை அதற்கேற்ப வெட்டுவார்கள். பெயர்தான் புதிது.

பிரதிகள் உண்டாக ஓர் இரவு போனது. காலையில் ஓடவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் கடைப் படியில் ஏறிய இடத்தில் உம்மும்மா இரண்டு செக்கன் நிற்கிறார். மறதி இல்லை. கடைக்கண்ணால் என்னைப் பார்க்கிறார், உதட்டில் சிரிப்பு. திக்கிய படத்தில் அந்தச் சிரிப்பே இருக்கவில்லை.

இன்னோரிடத்தில் ஒரு தோழியின் பெயரைத் தேடி ஒன்பது செக்கன் நிற்கிறார். அது மறதிதான். வெட்டட்டுமா என்று அவரிடமே ஓட்டிக் காட்டினேன். முழுவதையும் பார்த்தார்.

"வாணாம், ஈக்கட்டும். ஒங்கட மாமாக்குத் தெரியும் அந்தப் பேரு. பாத்துட்டுச் செல்லுவார்."

முழுத் தரத்தில் வீடியோ வெளிவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. அன்றிரவே அனுப்பினோம். மாமாவுக்கும் பெயர் வரவில்லையாம். மாவனல்லையில் இருக்கும் மாமிக்கு அனுப்பிக் கேட்டிருக்கிறார்.