ஒன்றைக் கூட்டியவர்

கதை எழுதுகிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாத்திரத்தின் குணத்தை நிச்சயித்துவிட்டால் போதும். அவன் என்ன செய்வான், என்ன செய்யவே மாட்டான் என்பதையெல்லாம் நாற்காலியை விட்டு எழாமலே சொல்லிவிடுவோம். இதே பழக்கம் ஒரு பெரிய விஞ்ஞானிக்கும் இருந்தது என்று அறிந்தபோது அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டாகிவிட்டது.

ஆர்தர் எடிங்டன் வெறும் நாற்காலிக்காரர் அல்லர். 1919-ல் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்ஸிப்பி தீவுக்குப் போய், சூரிய கிரகணத்தைப் படம் பிடித்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சாட்சி கொண்டுவந்தவர். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில், பௌதிகத்தின் அடிப்படை விதிகளை அறியச் சோதனைச்சாலை வேண்டாம், நாம் உலகை அறிகிற விதத்தை ஆராய்ந்தாலே போதும் என்று கிளம்பினார்.

1939-ல் வந்த தம் நூலில் அவரே ஓர் உவமை சொல்கிறார். வலையின் கண்கள் இரண்டு அங்குலம். எத்தனை முறை வீசினாலும் அதற்குச் சிறிய மீன் அகப்படாது. வலையைப் பார்த்தாலே இந்த 'விதி' விளங்கிவிடுமே, கடலுக்குப் போவானேன்? நம் அறிவுதான் அந்த வலை. வாசித்தபோது நான் சொக்கித்தான் போனேன்.

இந்த வழியில், மின்விசையின் வலிமையைக் குறிக்கும் ஓர் எண்ணின் தலைகீழ் 136 என்று கண்டார். சோதனைகளோ 137-ஐ நெருங்கின. எடிங்டன் அயரவில்லை, இன்னும் ஒன்றைக் கூட்டுவதற்கும் காரணம் கண்டுபிடித்தார். 'ஆடிங்-ஒன்', அதாவது ஒன்றைக் கூட்டுபவர், என்று அவர் பெயரையே திருப்பிக் கேலி செய்தார்கள். பிரபஞ்சத்தில் எத்தனை புரோட்டான்கள் என்பதையும் 80 இலக்கங்களில், கடைசி இலக்கம் வரை எழுதிக் காட்டினார். எங்கள் வீட்டு மளிகைக் கணக்குக்கூட இத்தனை சுத்தமாக வந்ததில்லை!

சிரிக்க முடியாத இடமும் ஒன்று உண்டு. சென்னையில் படித்துக் கேம்பிரிட்ஜ் சென்றிருந்த இளைஞர் சந்திரசேகர், ஓர் அளவுக்கு மேல் கனத்த நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக அடங்கி நிற்காது என்று 1935 ஜனவரியில் லண்டன் வானவியல் சபையில் கணக்கோடு சொன்னார். எடிங்டன் எழுந்தார். அப்படியானால் அது சுருங்கிக்கொண்டே போகுமே. நட்சத்திரம் இவ்வளவு அபத்தமாக நடப்பதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்றார். சபை சிரித்தது. நட்சத்திரங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சந்திரசேகருக்கு நோபல் பரிசு வர 1983 ஆயிற்று.

அதற்காக எடிங்டனைக் கேலி செய்தவர்களோடு சேர எனக்கு மனம் வரவில்லை. 1944-ல் காலமாகும்வரை அந்தக் கணக்கையே எழுதிக்கொண்டிருந்தார். நூல் 1946-ல் வெளியாயிற்று. அவருடைய 137-ஐ இப்போது மிக நுட்பமாக அளந்திருக்கிறார்கள்: 137.035999 சொச்சம். அந்தச் சொச்சத்தை யோசித்தே பெற்றவர் இன்னும் யாருமில்லை.