ஹார்ட் டிஸ்க்மேல் போட்ட பழி

டிடிபி சென்டர் நடத்தும் ஓர் அக்காவின் ஹார்ட் டிஸ்க் தானாகப் பழுதாகவில்லை. நான்தான் அழித்தேன். பிறகு அவரிடம் பொய் சொன்னேன்.

அவர் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள், தட்டச்சு மென்பொருள் எல்லாம் பழையதில் இருந்தபடியே வேண்டும் என்றார். விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டாம், பழைய டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்துவிடலாம் என்றேன். "முக்கியமான ஃபைலை மட்டும் முதல்ல பென் டிரைவ்ல போட்டுக்கட்டுமா தம்பி?" என்று கேட்டார். "அதெல்லாம் தேவையில்லக்கா" என்றேன். அவர் கேட்டதுதான் சரி. எல்லாம் தெரியும் என்ற கர்வத்தில் தட்டிவிட்டேன்.

இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக மாட்டி, பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கினேன். பிரதியெடுக்கப் பயன்படும் டிடி கட்டளையில் ஐஎஃப் என்றால் படிக்க வேண்டிய டிஸ்க். ஓஎஃப் என்றால் எழுத வேண்டிய டிஸ்க். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை அல்ல. இயந்திரத்தை இயக்கும்போது அவை இடம் மாறலாம். இது எனக்குத் தெரியும். இரண்டுமே 500 ஜிபி என்பதால் அளவை வைத்தும் பிரித்தறிய முடியாது. எல்எஸ்பிஎல்கே கட்டளையில் சீரியல் எண்ணை எடுத்து, டிஸ்க்கின் ஸ்டிக்கரோடு ஒத்துப்பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எஸ்டிஏதான் பழையது என்று நானே முடிவு கட்டி என்டரைத் தட்டினேன். டிடி மறுபடி கேட்டு உறுதி செய்யாது. புதிய டிஸ்க்கின் வெறுமை பழையதன்மேல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

வந்து பார்த்தால் இரண்டும் காலி. மேலே எழுதப்பட்டுவிட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

"பழைய டிஸ்க் போயிடுச்சுக்கா" என்றேன். பெயர் கெட்டுவிடும் என்ற பயம். "நான்தான் காலாகாலத்துல மாத்தாம விட்டுட்டேன்" என்று அவர் தன்னையே நொந்துகொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை.

ஒரு மாணவியின் ஆய்வேடு திருத்தமெல்லாம் முடிந்து அந்தப் பழைய டிஸ்க்கில் இருந்தது. மிஞ்சிய புரூஃப் தாள்களை வைத்துக்கொண்டு அக்கா ராத்திரியெல்லாம் மறுபடி அடித்தார். கோயில் மலருக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கான கூலியை மட்டும் குறைக்காமல் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதுமுன் அவரிடம் நேரில் போய் உண்மையைச் சொன்னேன். கூலியையும் திருப்பிக் கொடுத்தேன். அதனால் எதுவும் நேராகிவிடாது. சீரியல் எண்ணைப் பார்க்காதது அலட்சியம். என் தவறுக்கு அவர் தன்னைக் குறைசொல்ல, பார்த்துக்கொண்டு நின்றது துரோகம்.